எச்சில் காற்று

செனித்சாவில் ஜனவரி மாதம்
காலை எட்டு மணிக்கும் தெருவிளக்கு எரியும்.
பள்ளத்தாக்கின் மேல் யாரோ மூடி போட்டதுபோல
உருக்காலைப் புகை, வீட்டு அடுப்புகளின் நிலக்கரிப் புகை,
பழைய டீசல் கார்களின் புகை
எல்லாம் உள்ளேயே வேகும்.
நாங்களும்.

"அடைத்துவிடு ரெம்சா" என்றார் ஹில்மியா.
அவருடைய டாக்ஸி மேடேறும்போது இருமுகிறது,
டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணையவே மாட்டேனென்கிறது.
"ஒரு இரும்புத் தகடு, நாலு போல்ட், பத்து நிமிஷம்.
எல்லாரும் அடைக்கிறார்கள்."

எல்லாரும் அடைக்கிறார்கள், உண்மைதான்.
பிஸ்கட் டின்னில் தகடுகள் வைத்திருக்கிறேன்,
நானே வெட்டியவை, ஒரு டஜன்.

என்ஜினுக்கு நல்ல காற்று கொடுத்தால்
நல்ல தீ எரியும்.
ரொம்ப நல்ல தீ. வம்பே அங்கேதான்.
காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்,
எந்தச் சண்டைக்கும் போகாத ஆசாமி.
உள்ளே போவான், சும்மா இருப்பான், வெளியே வருவான்.
சிலிண்டருக்குள் சூடு இரண்டாயிரம் டிகிரியை நெருங்கினால் மட்டும்
அவனுக்கும் புத்தி பிசகும்.
ஆக்சிஜனின் கையைப் பிடித்துக்கொண்டு
வெளியே ஓடிவருவான்,
தொண்டையைக் கரிக்கும் பழுப்பு வாயுவாக.

இதற்கு மருந்து கண்டவன் யாரோ தெரியாது,
கஞ்சனாக இருந்திருக்க வேண்டும்.
புகை போகும் குழாயில் ஒரு கிளை வெட்டினான்.
எரிந்து முடிந்த காற்றில் கொஞ்சத்தைப் பிடித்து
தண்ணீர் சுற்றி ஓடும் பெட்டியில் ஆறவைத்து
மறுபடி என்ஜின் வாயிலேயே ஊட்டினான்.
எச்சில் காற்று.
எரிவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.
அந்தக் குறைதான் அதன் உபகாரம்:
ஆக்சிஜனின் நாற்காலியில் தான் உட்கார்ந்து,
வருகிற சூட்டைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு
தீயிடம் சொல்கிறது:
அடக்கி வாசி.

நடுவில் ஒரு வால்வு.
மலைச்சாலையில் மிதியை முழுக்க அழுத்தினால் சாத்திக்கொள்ளும்,
சமதளத்தில் நிதானமாகப் போனால் திறக்கும்.
நல்ல வேலைக்காரன். ஆனால்
கரியும் எண்ணெய் ஆவியும் நாளெல்லாம் அவன்மேல் படிந்து
கறுப்பு அல்வா மாதிரி உறையும்.
ஹில்மியாவின் சவாரி எல்லாம் குட்டிச் சவாரி:
பஸ் நிலையம், சந்தை, நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி.
என்ஜின் சூடேறுவதற்குள் வாடகை முடிந்துவிடும்.
அல்வா மட்டும் வளரும்.
பாதி திறந்தபடியே வால்வு சிக்கிக்கொண்டது,
தன் மூச்சையே அளவுக்கு மீறிக் குடித்து
என்ஜின் திணறியது.

"கழுவித் தருகிறேன்" என்றேன். "இரண்டு மணி நேரம்."
விலையைச் சொன்னதும் வானத்தைப் பார்த்தார்.
வானம் அங்கே இல்லை.
"உன் காரில் எப்படி?" என்று கேட்டார், சும்மாதான்.
பிரஷ்ஷைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

டின்னில் இருக்கும் தகடுகள் பதினொன்று.
பன்னிரண்டாவது எங்கே என்று
எனக்கு மட்டும் தெரியும்.

அவர் போனபிறகு ஷட்டரை இறக்கினேன்.
என் காரின் மூடியைத் திறந்து
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.
மூன்று போல்ட் வந்தன. நாலாவது துருப்பிடித்து
கழுத்தோடு முறிந்தது.
அதைத் துளைத்தெடுக்க இரவு பதினொன்று.

தகடு உள்ளங்கையில் கிடந்தது.
ஒரு பக்கம் கன்னங்கரேல்.
மறுபக்கம்
மூன்று குளிர்காலமாகப் புதுசு.

சாவியைத் திருப்பினேன். சத்தம் கொஞ்சம் இறங்கியிருந்ததா,
எனக்கு அப்படித் தோன்றியதா?
வெளியே மூடி அப்படியேதான் இருந்தது.
பயங்கரப் பசி.
தகட்டை டின்னில் போடவில்லை,
கதவு ஆடாமலிருக்க அடியில் சொருகினேன்.