வாக்கியத்துக்கு வாக்கியம்

ஆண்டாப் ஹில் மாநகராட்சிப் பள்ளி, ஏழாம் வகுப்பு.
கரும்பலகையில் பாதியில் நிற்கும் பின்னக் கணக்கு.
யாருக்கும் அழிக்க மனம் வரவில்லை.

மண் சரிந்து ஆறாம் நாள், ஞாயிறு.
பாஸ்டர் தவசிமுத்து தமிழில் ஒரு வாக்கியம்,
நான் இந்தியில் ஒரு வாக்கியம்.
பதினோரு வருடமாக இதுதான் ஏற்பாடு.
பெஞ்சுக்குள் முழங்கால் நுழையாமல்
பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார்கள் பெரியவர்கள்.

"இது தண்டனை அல்ல, சிட்சை" என்றார்.
சிட்சைக்கு இந்திச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.
எதிரே சவிதா காம்ப்ளே
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
புது ஷூவைக் கழற்றமாட்டேனென்று
போட்டபடியே தூங்கிய பையன் அவளுடையவன்.
ஷூவை வைத்துத்தான் அடையாளம் சொன்னாள்.

நான் சொன்னேன்:
"நாலு மணிக்கு டேங்கர் வரும்,
மூடியுள்ள குடம் கொண்டுவாருங்கள்."

அவர் மனந்திரும்புதல் என்றார்.
"ரேஷன் கார்டு மண்ணுக்குள் போனவர்கள்
மாடியில் அன்சாரி சாரிடம் எழுதிக்கொடுங்கள்."
அவர் நித்திய வீடு என்றார்.
"மாதத் துணி வேண்டுமென்றால்
என் காதில் சொன்னால் போதும்."

கடைசி பெஞ்சில், இரண்டு மொழியும் தெரிந்த மாரிக்கனி
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.
அழுகை என்று நினைத்து யாரோ முதுகைத் தடவினார்கள்.

நாற்பது வருடம் பம்பாயில் காய்கறி வாங்கியவருக்கு
'பானி' என்ற சொல் தெரியாமலா இருக்கும்?
பாஸ்டர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.
கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார், வெகுநேரம்.
பிறகு தமிழில், சன்னமாக:
"சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனவங்க கை தூக்குங்க."
அன்று காலை நான் பிசகாமல் மொழிபெயர்த்த
ஒரே வாக்கியம் அது.
ஒன்பது கைகள்.

சவிதா எழுந்தாள்.
கை தூக்கவில்லை. மராத்தியில் கேட்டாள்:
"தண்ணி சரி. மாத்திரையும் சரி.
அவர் முதல்ல ஏதோ பெரிசாச் சொன்னாரே,
நீ அதை எங்களுக்குச் சொல்லவே இல்லையே.
என் பிள்ளையைப் பத்தியா அது?"

எனக்குத் தொண்டை அடைத்தது.
அவள் கேட்டதைப் பாஸ்டருக்குத் தமிழில் சொன்னேன்,
ஒரு சொல் விடாமல்.

அவர் பெஞ்சுகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்து வந்து
அவளுக்குப் பக்கத்தில் இடுக்கி உட்கார்ந்தார்.
"பேரு?" என்றார்.
"ஓம்கார்."
"எத்தனாவது?"
அவள் கரும்பலகையைக் காட்டினாள்.

கீழே ஹாரன் அடித்தது. டேங்கர், இரண்டு மணிக்கே.
எல்லோரும் எழுந்தார்கள், குடம் மோதும் சத்தம்.
அவர்கள் இரண்டு பேரும் எழவில்லை.
மாரிக்கனி போகிற போக்கில்
சவிதாவின் குடத்தையும் தூக்கிக்கொண்டாள்.