இடத்தைக் குறித்து வைக்கவும்

இரவு பதினொன்று நாற்பதுக்குப் போலீஸ் அழைப்பு.
மைலிஸின் குரல். எப்போதும்போல் முதலில் மன்னிப்பு,
அப்புறம் சாலை எண், அப்புறம் விலங்கு.
மூஸ். மோட்டார் சைக்கிள்.
இவ்விரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டால்
எனக்கு மூன்றாவதாக ஒன்று கேட்டாக வேண்டும்.
கேட்பதற்குள் சொன்னாள்:
"உயிரோடு இருக்கிறான்."

ரீபாவுக்கு ஆரஞ்சுப் பட்டை மாட்டினேன்.
துப்பாக்கி, கைவிளக்கு, பிளாஸ்கில் ஆறிய காபி.
செப்டம்பர் கடைசி. கிடாக்கள் பித்தேறித் திரியும் நாட்கள்.
துரத்தலுக்குத் தப்பி ஓடுகிறவளுக்கு
தார்ச்சாலை ஒரு காய்ந்த ஓடை,
அவ்வளவுதான்.

சொல்லிச் சொல்லி என் வாய் அலுத்துவிட்டது:
நரியின் கண் மின்னும், முயலின் கண் மின்னும்,
மூஸின் கண்ணும் மின்னும்தான்,
ஆனால் உங்கள் வெளிச்சம் அவ்வளவு உயரம் எட்டாது.
உங்களுக்குத் தெரிவது நான்கு கால்கள்.
அவற்றையும் இளம் பிர்ச் மரங்கள் என்றே மூளை எண்ணிக்கொள்ளும்.
கார் அந்தக் கால்களை வாரிவிடும்,
அரை டன் உடல் கண்ணாடி வழியே
மடிமேல் வந்து உட்காரும்.
பைக்காரனுக்குக் கண்ணாடியும் கிடையாது.

தலையாட்டுவார்கள். தொண்ணூறில் போவார்கள்.
இருபது வயதில் நானும் போனேன்.

ஸ்வேக்கிலிருந்து நாற்பத்தேழாம் கிலோமீட்டர்.
ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது.
பள்ளத்தில் பைக். அதன் இண்டிகேட்டர் மட்டும்
இதோ இடப்பக்கம் திரும்பப்போகிறேன் என்று
இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.

ஸ்வீடனில் சட்டம் இருக்கிறது: மோதியவர்
இடத்தைக் குறித்து வைக்க வேண்டும்.
ரிப்பனோ, பையோ, எதுவோ.
அடிபட்டது எங்கே காட்டுக்குள் நுழைந்தது என்று
பின்னால் வருகிற எனக்கும் நாய்க்கும் தெரிய வேண்டும்.
பலர் குறிப்பதில்லை.
பம்பரைப் படமெடுப்பார்கள். ஒருத்தர்
சீட்டில் பட்ட ரோமத்தை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இங்கே, கண்மட்டத்தில், சிவப்பு மஃப்ளர்.
முடிச்சு விகாரமாக இருந்தது, குழந்தை போட்டது மாதிரி.
பிறகு தெரிந்தது: வலது தோளெலும்பு இரண்டு துண்டு.
இடக்கையாலும் பல்லாலும் முடிந்திருக்கிறான்.
அம்மாவை அழைப்பதற்கு முன்.
உதவி கேட்பதற்கும் முன்.

ரீபா மூக்கைத் தாழ்த்தினாள்.
பாசியில் ரத்தம், நுரையில்லை: நுரையீரல் தப்பியது.
சாம்பல் ரோமம்: காலில்தான் அடி.
அறுநூறு மீட்டர். ஒரு மணி நேரம்.
சதுப்பின் ஓரத்தில் அவள் மூன்று காலில் நின்றாள்,
நாலாவதை யாரிடமோ இரவல் வாங்கியதுபோல்
தள்ளியே வைத்துக்கொண்டு.

ஒரே குண்டு.

எதிரொலி அடங்கிய பிறகுதான் பார்த்தேன்,
அவளுக்குப் பின்னால் கன்று.
முதலில் நாயைப் பார்த்தது. பிறகு என்னை.
துப்பாக்கியில் இன்னொன்று இருந்தது.
அதுதான் முறை என்றும் சிலர் சொல்வார்கள்.
நான் காபி மூடியைத் திறந்தேன்.
அந்தச் சத்தத்துக்கே அது போய்விட்டது.

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தான்.
யோவார், இருபத்திரண்டு, வாய் முழுக்க மருந்து மயக்கம்.
"கிடைத்ததா?"
கிடைத்தது.
"ரொம்பக் கஷ்டப்பட்டதா?"
இந்தக் கேள்விக்கு என்னிடம் பல வருடப் பதில் ஒன்று உண்டு.
சொன்னேன்.
"தனியாகவா இருந்தது?"

மழை வருகிறது, நாயை உள்ளே விட வேண்டும் என்று
போனை வைத்தேன்.
மழை உண்மையாகவே வந்தது, மதியத்துக்கு மேல்.

வேலை முடிந்ததும் அடையாளத்தை அவிழ்ப்பது என் பொறுப்பு.
அவிழ்க்கவில்லை.
அது நனைந்து, வெளுத்து, அந்த மரத்தின்
ஒரு வியாதிபோல் ஆகிவிட்டது.

நேற்று அவ்வழியே வந்தேன், எழுபதில்.
பின்னால் ஒருவன் விளக்கை அடித்து அடித்துப் பொறுமையிழந்து
முந்திக்கொண்டு பறந்தான்.
இறங்கிப் பார்த்தேன்.
மஃப்ளருக்குக் கீழே, ஓரத்துச் சேற்றில்,
என் உள்ளங்கை அகலக் குளம்புத் தடங்கள்,
புதியவை,
சாலையை நோக்கி.