பக்கம் ஏழு

மொத்தம் இருபத்து மூன்று பக்கம்.
கொந்தளிப்புக் காலத்தில் நிறுவனம் செய்ய வேண்டியவை.
துபாய்த் தலைமையகம் அனுப்பியது.
சல்மாபாத் முகாமில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி
தமிழில் போட்டுக் கொடு என்றார் மேலாளர்,
செவ்வாய்க்குள்.

அசெம்பிளி பாயின்ட்டுக்குக்
கூடுமிடம் என்று எழுதினேன்.
அடுத்த வரியிலேயே
கூட்டம் கூடும் இடங்களைத் தவிர்க்கவும்.
அடித்துவிட்டு, ஒன்றுசேருமிடம் என்றேன்.
பெயின்டர் சுடலைமாடன் எட்டிப் பார்த்து
"கூடுனா தப்பு, சேந்தா சரியாண்ணே?" என்றான்.

தண்ணீர் நூற்றெண்பது பெட்டி.
குப்பூஸ், பருப்பு, டார்ச், ஜெனரேட்டருக்கு டீசல்.
கண்ணெரிச்சலுக்கு ஈரத்துணி.
இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
போன மாதம் புதய்யா சாலையில் புகை கிளம்பிய இரவு
மாடியில் காய்ந்த சட்டைகளை
மறுபடி துவைத்தோம்,
மூக்கைச் சிந்திக்கொண்டே.

பக்கம் ஏழு.
முதலில் அப்புறப்படுத்த வேண்டியவை.
ஒன்று, சர்வர்.
இரண்டு, கையெழுத்தான ஒப்பந்தங்கள்.
மூன்று, பாஸ்போர்ட்டுகள்,
என்னுடையதும் சேர்த்து நூற்றுப் பதினாலு,
பெட்டகத்தோடு ஹித் கிடங்குக்கு.
ஆட்கள் பதினோராம் பக்கத்தில்தான் வருகிறார்கள்:
உள்ளேயே இருக்கவும்.

வரவேற்பில் இருக்கும் ஸக்கிய்யாவிடம்
வரைபடத்தை நீட்டினேன், தெருப்பெயர் சரிபார்க்க.
பென்சிலால் ஒரு சந்தை அடித்தாள்.
"இங்கே பஸ்ஸை விடாதே. வியாழன் நாலு மணிக்கு
இஹ்னா இந்த வழியாக வருவோம்."
இஹ்னா.
தமிழில் அதற்கு இரண்டு சொல் இருக்கிறது.
நாங்கள் என்றே எடுத்துக்கொண்டேன்.
திட்டத்தில் ஊழியருக்கு ஒரு பத்தி,
ஆர்ப்பாட்டக்காரருக்கு வேறொரு பத்தி.
இவளை எதில் எழுத?
திங்கள்தோறும் தம்பியைப் பார்க்கச் சிறைக்குப் போகிறவள்,
எங்கள் விசா தேதிகளை
எங்களுக்கு முன்பே நினைவு வைத்திருப்பவள்.
"மீன் மார்க்கெட் பின்வழி திறந்திருக்கும்.
கல் அங்கே வராது. வந்தாலும் உங்களுக்கில்லை."
பிறகு அரைநாள் விடுப்புத் தாளை நீட்டினாள்.
காரணம்: குடும்ப நிகழ்ச்சி.
கையெழுத்துப் போட்டேன்.

அன்றிரவு வரைபடத்தைத் திருத்தினேன்.
கை நிற்கவில்லை,
பக்கம் ஏழையும் திருத்தியது:
மூன்று, பாஸ்போர்ட்டுகள், உரியவர் கையில், முதல் நாளே.
மேலாளர் பாலக்காட்டுக்காரர்.
தமிழ் பேசுவார், வாசிக்க வராது.
சீல் குத்திக் கொடுத்தார். கேன்டீன் சுவரில் ஒட்டினேன்.

புதன் இரவு எட்டரை.
ஆபீஸ் வாசலில் செருப்புச் சத்தம்கூட இல்லாமல்
நூற்றுப் பதின்மூன்று பேர்.
யாரும் கோஷம் போடவில்லை.
சுடலைமாடன் சுவரிலிருந்து பெயர்த்த தாளை
இரண்டு கையாலும் பிடித்திருந்தான்,
மூலையில் பசை இன்னும் ஈரமாக.
பெட்டகச் சாவி என் இடுப்பில் கனத்தது.

மேலாளர் போனில்: கேமராவில் பார்க்கிறேன்,
என்ன கூட்டம் அது?
வேறு சொல் வரவில்லை எனக்கு.
ஒத்திகை, சார் என்றேன்.