நூற்றுப் பதினேழு

காவேரிப்பட்டணம் கூழ் ஆலையின்
போன பருவத்துக் கணக்கில்
திம்மராயன் ஆறு பேர்.

திம்மராயன், சந்தூர்.
திம்மராயப்பன், சந்தூர்.
தி. ராயன், சந்தூர் அஞ்சல்.
திம்ராயன், கைபேசியில் ஓர் இலக்கம் குறைவு.
ஐந்தாமவர் சாந்தூரில் இருந்தார்.
ஆறாமவருக்கு ஊரே இல்லை,
பெயருக்குப் பின்னால் ‘மாங்கா’ என்று மட்டும்.

“டெம்போ வரிசை பாலம் வரைக்கும் நிக்குது,
எழுத்தைப் பார்த்துக்கிட்டா இருப்பாங்க?”
என்றார் எடைமேடை நஞ்சுண்டன்.
அதுவும் நியாயம்தான்.
ஒவ்வொரு சீட்டுக்கும் பெயர், ஊர், வங்கிக் கணக்கு என்று
முதலிலிருந்து அடித்தால்
ஜூன் மாத வியர்வையில் விரல் வழுக்கும்.

பத்து டன்னுக்கு மேல் போட்டவர்களுக்கு
கிலோவுக்கு ஐம்பது காசு கூடுதல்.
ஆறு திம்மராயன்களில் ஒருவரும்
பத்தைத் தொடவில்லை.

வந்தார். சண்டை போடவில்லை.
ரப்பர் பேண்டைக் கழற்றி
சீட்டுகளை என் மேசையில் பரப்பினார்.
பதினான்கு டன், இருநூறு கிலோ.

அன்று ராத்திரி அட்டவணையை இரண்டாகப் பிளந்தேன்.
ஒன்றில் ஆட்கள்: ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஓர் எண்.
மற்றதில் லோடுகள்: தேதி, எடை,
தோத்தாபுரியா அல்போன்சாவா,
பிறகு, பெயர் இருந்த இடத்தில்,
117.

ஆறு பேரையும் ஒருவராக்கிக் கூட்டினால்
பதினாறு டன் வந்தது.
கை நின்றது.
ஊர் இல்லாதவரின் எண்ணுக்குப் போன் போட்டேன்.
சந்தூரேதான், ஏரிக்கு அந்தப் பக்கம்,
வேறொரு திம்மராயன்,
தூக்கக் கலக்கத்தில் திட்டினார்.
அவருக்கு 118.

இந்தப் பருவம் நூற்றுப் பதினேழு
வங்கியை மாற்றினார்.
ஒரே வரியில் திருத்தினேன்.
பழைய லோடுகள் எதையும் தொடவில்லை,
எல்லாவற்றுக்கும் தெரிந்துவிட்டது.

ஜூலையில் அவர் குப்பம் பக்கத்து ஆலைக்குப் போய்விட்டார்,
அங்கே விலை கூட.
“அந்த ஆளைத் தூக்கிடும்மா” என்றார் மேனேஜர்.
அழுத்தினேன்.
நீக்க இயலாது என்றது திரை.
இருபத்து மூன்று லோடுகள் இவரைச் சார்ந்துள்ளன.

மேனேஜர் குனிந்து படித்தார்,
கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் படித்தார்.

கூழ் எப்போதோ டப்பா ஏறி, கப்பல் ஏறிவிட்டது.
எந்தக் கரண்டி யார் தோப்பு என்று
அதைக் கேட்க முடியாது.
“மிஷின் மக்கர் பண்ணுதா?” என்றார்.
இல்லை சார், என்றேன்,
கணக்குப் பார்க்குது.