இரண்டாம் காட்சியில் மழை

நான் புவியியல் டீச்சர்.
வாரத்தில் இரண்டு மணி நேரம் குறைகிறது என்று
நாடகத்தை என் தலையில் கட்டினார்கள்.

ஜார்ஜியாவில், இமெரேத்தி மலைகளுக்கு நடுவே
மாங்கனீசு தோண்டும் ஊர்.
ஆறு கறுப்பாக ஓடும்.
காயப்போட்ட வெள்ளைத் துணி
மாலைக்குள் தன் நிறத்தை மறந்துவிடும்.
உடற்பயிற்சிக் கூடம்தான் எங்கள் அரங்கு.
மேடைக்கு நேர் மேலே கூடைப்பந்து வளையம்.
அரசன் வந்தால் மகுடம் இடிக்கும்.
அதனால் அரசன் இல்லாத நாடகம் ஒன்றை
நானே எழுதினேன்:
ஒரு வீடு. ஒரு தாய். வசூலுக்கு வரும் ஒருவன்.
இரண்டாம் காட்சியில் மழை.

முந்தின இரவு படித்ததை
மறுநாள் பத்து வருட அனுபவம்போலச் சொல்வேன்.
முதுகைக் காட்டாதே.
மூச்சை வயிற்றிலிருந்து எடு.
காரணமில்லாமல் மேடையில்
விரல்கூட அசையக் கூடாது.

பள்ளி தந்த பணத்துக்கு ஓர் ஒட்டு மீசை வந்தது.
கதவு வரவில்லை.
"நான் கதவு" என்று எழுந்தான் நுக்ரி.
ஆண்டு முழுவதும்
வருகைப் பதிவுக்கு மட்டும் வாய் திறக்கும் பையன்.

அன்றிலிருந்து தொல்லை.
"டீச்சர், தாழ் உள்பக்கமா, வெளிப்பக்கமா?"
"டீச்சர், கீல் எந்தக் கையில்?"
"என்ன மரம் நான்?"
கஷ்கொட்டை, போ, என்றேன்.
கதவு யோசிக்காது, நுக்ரி.
அவன் தலையாட்டினான்.
யோசிக்கப் போனான்.

நாடக நாள்.
சுரங்கத்தில் இரவு முறைக்குப் போகிறவர்கள்
தலைவிளக்கோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.
மூன்றாம் வரிசையில் ஜும்பேரின் அப்பா.
போன பனிக்காலம், விரிசல் விட்ட வீடுகளில்
கம்பெனி நோட்டீசை ஒட்டியவர்.
அவர் மகன்தான் வசூல்காரன்.
அந்த மீசையை வேறு யார் முகத்தில் ஒட்டுவது?
நன்றாக நடிப்பான் என்றுதான் கொடுத்தேன்.
அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜும்பேர் தட்டினான்.
நுக்ரியின் நெஞ்சில், மூன்று முறை.
திரைக்குப் பின்னால் தகரத்தில் அரிசி கொட்டி
மழை பெய்ய வைத்துக்கொண்டிருந்தாள் பிக்ரியா.
கதவு திறக்க வேண்டும்.
கதவு திறக்கவில்லை.

திற, என்று நான் கிசுகிசுத்தேன்.
மறுபடி தட்டினான். கொஞ்சம் பலமாக.
மீசையின் ஒரு பக்கம் தொங்கியது.
"நுக்ரி, திறடா" என்றான், சொந்தக் குரலில்.
கடைசி வரிசையிலிருந்து யாரோ
"திறக்காதே!" என்றார்கள்.
சிரிப்பு எழுந்தது, பாதியில் நின்றது.

தாயாக நடித்த லமாரா
அழ வேண்டிய இடம் அது.
அழவில்லை.
நாற்காலியை இழுத்துக் கதவில் சாய்த்துவிட்டு
அதன் மேல் உட்கார்ந்து
இல்லாத உருளைக்கிழங்கை உரிக்க ஆரம்பித்தாள்.
தோல் நீளமாக, அறுபடாமல் வந்தது.
எல்லோரும் பார்த்தோம்.

ஜும்பேர் தோல்பையைக் கீழே வைத்தான்.
வாசலில் உட்கார்ந்தான்.
நனைந்துகொண்டிருந்தான்.
அரிசி தீர்ந்துபோனது.
இன்னும் ஏழு பக்கம் வசனம் இருந்தது, என் கையில்.

பிறகு மேடைக்குப் பின்னால் அவனைப் பிடித்தேன்.
ஏன்டா?
சட்டைப் பொத்தானுக்குக் கீழே
சிவந்து கன்றியிருந்தது.
"நீங்கதானே டீச்சர் மழைன்னு எழுதினீங்க?
கஷ்கொட்டை மழையில் ஊதிக்கும்.
நிலையோடு இறுகிக்கும்.
திறக்கறதுக்கு எனக்குக் காரணமே கிடைக்கல."

அவன் முகத்தைப் பார்த்தேன்.
குறும்பு இருக்கிறதா என்று தேடினேன்.
ஒரு பலகையைப்போல இருந்தது.

ஜும்பேரின் அப்பா மகனுக்குக் கோட்டைப் போட்டுவிட்டு
என்னிடம் எதுவும் சொல்லாமல்
கடைசி கேபிள் காருக்கு நடந்தார்.
மீசை இன்னும் பையனின் கன்னத்தில்.

வீட்டுக்கு வந்தேன்.
சாவியைத் திருப்பி
வழக்கம்போல் தோளால் இடித்தேன்.
முதல் இடிக்கு அசையாது.
இரண்டாவதுக்கு முனகும்.
பதினொரு வருடமாக இப்படித்தான்
என் கதவைத் திறக்கிறேன்.
தாளில் மட்டும் எப்படி எழுதினேன்,
அவன் தட்டுகிறான், கதவு திறக்கிறது, என்று?