ஆறு நாள் மாதம்

தானா ஏரியின் ஒரு வருஷ நீர்மட்டம்
நீலக் கோடாகத் திரையில் இறங்கி ஏறுகிறது.
கீழே தேதிகள்
ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன,
பஹிர் தார் மினிபஸ்ஸின் பின்சீட்டு ஆட்கள் போல.

சாய்த்தேன். எழுத்தைச் சிறிதாக்கினேன்.
நாளை விடு, மாதம் மட்டும் போதும் என்றேன்.
எழுதியது: செப்டம்பர்.

அளவுகோல் படிக்கும் அலெபாச்செவின் நோட்டில்
செப்டம்பர் இல்லை.
நெஹாசே முடிந்தால் பாகுமே,
அப்புறம்தான் மெஸ்கெரெம், புது வருஷம்.
ஆண்டும் ஏழெட்டுப் பின்னால்.
பழைய கணக்கா என்று ஜெனீவாவிலிருந்து கேட்பார்கள்.
கேட்கட்டும்.

பன்னிரண்டு பெயர்களைக் கையால் அடித்தேன்.
பதின்மூன்றாவது இடிக்கிறது.
இந்த முறை பாகுமேக்கு ஆறு நாள்;
பெயரோ இருபது நாள் அகலம்.
பக்கத்து மாதத்தின் மடியில் போய் உட்காருகிறது.
"எடுத்துவிடேன், யார் பார்க்கப்போகிறார்கள்?"
காப்பியை ஊதியபடி யெஷிமெபெத்.

நோட்டைத் திருப்பினேன்.
பாகுமே மூன்று.
எண் இருக்கவேண்டிய கட்டத்தில் ஊறிப்போன மை,
ஓரத்தில்:
'மழை. பிள்ளைகளோடு நனைந்தேன்.
அளவுகோல் வரை போகவில்லை.'

அன்றைய மழை மேலே பட்டால் நல்லது என்பார்கள்.
நானும் நின்றேன்,
அலுவலக வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு.

பெயரைச் செங்குத்தாக நிறுத்தினேன்.
ஒல்லியாக, இரண்டு மாதங்களுக்கு நடுவே
இப்போது நிற்கிறது.
அதற்கு நேர் மேலே
ஒரு நாள் அளவுக்குக் கோடு அறுந்திருக்கிறது.
இடைவெளியை இணைக்கவா என்றது மென்பொருள்.

வேண்டாம் என்பதை அழுத்தினேன்.