உடைந்தது பாதி விலை

மினிபஸ் இன்றைக்கும் பதினொன்றேகாலுக்குத்தான் வந்தது.
கண்டக்டர் இறக்கி வைத்தார்:
தக்காளி ஒரு கூடை, கத்தரிக்காய் அரைச்சாக்கு,
ஈரக்கோணிக்குள் பாதி உயிரோடு இருபது கட்டுக் கீரை,
முட்டை மூன்று அட்டை.
சாயல்குடியில் ஏற்றியது. கடைசி ஏழு கிலோமீட்டருக்குத் தார் கிடையாது.
அதனால் நான் முதலில் எண்ணுவது முட்டையை.

ஒன்பது உடைந்திருந்தது.

எங்கள் ஊரில் மீன் உண்டு.
மீன் மட்டும் உண்டு என்பதை
வெளியூர்க்காரர்கள் கொடுப்பினை என்கிறார்கள்.
முருங்கைக் கொம்பு ஊன்றினால்
மூன்றாவது இலையில் உப்பு வந்து நிற்கும்.
நர்ஸம்மா பிள்ளைத்தாய்ச்சிகளின் அட்டையில்
ஏழு, ஏழரை, ஆறு என்று ரத்தத்தை எழுதிவிட்டு
காய்கறி சாப்பிடுங்க என்பார்.
எங்கே என்று நாங்கள் கேட்டதில்லை.
அவரும் அந்தப் பஸ்ஸுக்குத்தான் ஓடவேண்டும்.

ரேஷன் கடை பக்கத்து ஊரில்.
பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறித்துப் பறித்து
செவந்தாய் விரலில் ரேகை இல்லை.
மெஷினில் வைத்தாள். துடைத்து வைத்தாள்.
எச்சில் தொட்டு வைத்தாள்.
செவந்தாய் செவந்தாய் இல்லை என்றது மெஷின்.
அவளுக்குப் பின்னால் நின்றவர்கள்
அவளைப் பேர் சொல்லித்தான் விலகச் சொன்னார்கள்.

மிச்சமிருந்தது ஒரே கடை, பாசி ஏஜென்ட் துரைக்கண்ணுவுடையது.
பாசி நிறுக்கிற தராசில்தான் அரிசியும் நிறுப்பார்.
பாசி ஏறினால் அதற்கு மந்தம்.
அரிசி ஏறினால் ரோஷம்.
கணக்கு அவர் நோட்டில்.
எங்களுக்கு வாசிக்கத் தெரியும்,
நோட்டு எப்போதும் அவர் பக்கம் பார்த்திருக்கும்.

பதினாலு பேர் சேர்ந்தோம்.
ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு.
முத்துராக்கு தோட்டை அடகு வைத்தாள்.
ஓடாத ஐஸ் கம்பெனியில் ஓர் அறை வாடகைக்கு.
முதலில் வாங்கியது அரிசி இல்லை,
தராசு.

அது வந்த சாயங்காலம் ஒருத்தியும் சாமான் கேட்கவில்லை.
கடலிலிருந்து நேரே வந்தார்கள்,
விரலில் சுற்றிய துணியை அவிழ்க்காமல்,
காலில் கட்டும் தகரத்தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
ஏஜென்டிடம் நிறுத்த மூட்டையைப் போடாமல் தூக்கிவந்து
செவந்தாய் ஏற்றினாள்.
பதினொன்று முந்நூறு.
அங்கே எட்டரை.
யாரும் கத்தவில்லை.
மரியபுஷ்பம் மட்டும் இறக்கி இன்னொருமுறை வை என்றாள்.
பதினொன்று முந்நூறு.

மறுநாள் துரைக்கண்ணு கடையில்
தராசு ரிப்பேர் என்று அட்டை தொங்கியது.

இதோடு நிறுத்தினால் ஜெயித்த கதை மாதிரி இருக்கும்.
ஆடிக் காற்றில் பதினெட்டு நாள் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை,
கடன் நோட்டு ஊதிப்போனது.
சிப்ஸ் விற்பதில்லை என்று தீர்மானம் போட்டோம்.
பிள்ளைகள் பக்கத்து ஊருக்கு நடந்தார்கள்.
இப்போது சிப்ஸ் மேல்தட்டில்,
கடலைமிட்டாய் கைக்கெட்டும் தட்டில்.
கீரை விற்காத நாள் பதினாலு வீட்டிலும் கீரை.
எனக்கு வாழ்க்கைப்பட்டியா கீரைக்கு வாழ்க்கைப்பட்டியா
என்கிறார் என் வீட்டுக்காரர், தட்டைப் பார்த்து.

செவந்தாய் எங்கள் நோட்டில் ரேகை வைப்பதில்லை.
பேர் எழுதுகிறாள்.
'செ' மட்டும் இரண்டு வரி உயரத்துக்கு.

உடைந்த முட்டை பாதி விலை.
டம்ளர் கொண்டுவர வேண்டும், அதுதான் விதி.
நாலு, முத்துராக்கின் மருமகளுக்கு. ஆறு என்று எழுதிய அட்டை அவளுடையது.
மூன்று, மரியபுஷ்பம் வாங்கினாள்.
கடைசியாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கல்லாவுக்கு மேலே எட்டிப் பார்த்தது.
துரைக்கண்ணு வீட்டுச் சின்னவள்.
அம்மா ரெண்டு கேட்டுச்சு.

ஊற்றினேன்.
ஓட்டுத்துண்டு ஒன்று விழ, விரல்விட்டு எடுத்தேன்.
ஆறு ரூபாய் என்றேன்.
நாளைக்கு என்றாள்.

நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.